நாவல் வாசிப்பில் கதாபாத்திரங்களைப் பின்தொடரக் கற்றுக்கொடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு நாவல் ஒன்றை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். மாணவர்களுக்குச் சுமார் 11 வயது ஆகியிருக்க வேண்டும், சரளமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

“பின்தொடர்வது” என்றால் மாணவர் என்னதான் செய்ய வேண்டும்?

மூன்று வேலைகள் இருக்கின்றன. யார் யார் என்று குழம்பாமல் அடையாளம் காண்பது. ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும், அதற்காக அவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பது. சென்ற முறை பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று குறித்துவைப்பது. பல வகுப்புகளில் முதல் வேலையோடு கதை முடிந்துவிடுகிறது: பெயர், வயது, தொழில், உறவுமுறை என்று ஓர் அட்டவணை போட்டு, அழகாகக் கோடு கிழித்து வைத்துவிடுவார்கள். அந்த அட்டவணை முதல் 30 பக்கங்களுக்கு உதவும். அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதில் மாறுவதற்கு எதுவும் இல்லை.

குறிப்பு எடுக்காமல் படித்தால் புரியாதா?

சிறுகதை என்றால் புரியும். நாவலை ஒரே மூச்சில் படிப்பதில்லை. வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் படிக்கிறோம். நான்காம் அத்தியாயத்தில் ஒருவர் சொன்ன பொய் பதினாறாம் அத்தியாயத்தில் வெளிப்படும்போது, அந்தப் பொய்யே மாணவருக்கு ஞாபகம் இருக்காது. வாசிப்பின் உளவியலை ஆராய்ந்த ஸ்வான், லாங்ஸ்டன், க்ரேசர் ஆகியோர் 1995-ல் முன்வைத்த மாதிரியின்படி, கதை படிப்பவர் ஐந்து இழைகளைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே போகிறார்: காலம், இடம், பாத்திரம், காரணம், நோக்கம். தேர்ந்த வாசகர் இதை அறியாமலே செய்துவிடுகிறார். புதிய வாசகரிடம் ஏதோ ஓர் இழை அறுந்துபோகும். பாத்திரமும் நோக்கமும் அறுந்தால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

எத்தனை பாத்திரங்களைப் பின்தொடரச் சொல்லலாம்?

நான்கு. முதல் நாவலுக்கு மூன்று போதும். எல்லாரையும் எழுதச் சொன்னால், ஒரு பக்கம் மட்டும் வந்து போகும் தபால்காரருக்கும் நாயகிக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்குவார்கள், மூன்றாம் அத்தியாயத்தோடு சலித்துப்போய் நிறுத்திவிடுவார்கள்.

மற்றவர்களுக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் “வந்துபோனவர்கள்” என்று ஒரு பட்டியல்: பெயர், முதலில் வந்த பக்கம், ஐந்தாறு சொல்லில் யார் என்று. அவ்வளவே. இந்தப் பட்டியலில் உள்ள ஒருவர் மூன்றாவது முறை தலைகாட்டினால் அவருக்குத் தனிப் பக்கம் கொடுக்கலாமா என்று மாணவர் யோசிக்கட்டும். யாரைப் பின்தொடர்வது என்று தீர்மானிப்பதும் வாசிப்புத் திறன்தான், அதை முழுக்க ஆசிரியரே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கில் மூன்றை நீங்கள் சொல்லுங்கள், நான்காவதை அவரவர் தேர்வுக்கு விடுங்கள்.

நாவலைத் தொடங்கும் முன் ஆசிரியர் செய்ய வேண்டியவை?

முழு நாவலையும் பென்சிலோடு ஒரு முறை படித்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை பெயர்களால் அழைக்கப்படுகிறது என்பது. இரண்டாவது, அவர் முதலில் நுழையும் பக்கம். மூன்றாவது, அவர் நடந்துகொள்ளும் விதம் திரும்பும் இரண்டு மூன்று இடங்கள். நான்காவது, நிறுத்தி எழுதவேண்டிய இடங்கள். அத்தியாய முடிவில்தான் நிறுத்த வேண்டும் என்பதில்லை. காலமும் இடமும் ஒருசேர மாறும் இடங்களில் வாசகர் எப்படியும் தடுமாறுவார். அதற்குச் சற்று முன்பே நிறுத்தி எழுதவைத்தால் பழையது பதிந்த பிறகு புதியதுக்குள் நுழைவார்.

குறிப்பேட்டை எப்படி அமைப்பது?

பாத்திரம் ஒன்றுக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்கள். இடப் பக்கத்தில் “நடந்தது”, வலப் பக்கத்தில் “என் ஊகம்”. இடப் பக்கத்தில் ஓரம் விட்டு அத்தியாய எண், பக்க எண். மேலே பெயரும் மற்ற அழைப்புப் பெயர்களும். வயது, நிறம், உயரம் எல்லாம் வேண்டாம். கதைக்குத் தேவைப்பட்டால் தானாக உள்ளே வரும்.

இரண்டையும் ஒரே வரியில் எழுதவிடாதீர்கள். எழுதிவிட்டால் ஒரு மாதம் கழித்து எது நாவலில் இருந்தது, எது தான் நினைத்தது என்று மாணவருக்கே பிரித்துச் சொல்ல முடியாது. ஊகம் மாறும்போது பழையதை அழிக்கவும் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார் என்று பக்கத்தில் எழுத வேண்டும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வது உத்தமம்.

ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும்?

இதற்காகவே எழுதிய மூன்று வரிகள். ஒரு நாவலின் 41-ஆம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“கதவைத் திறந்த மீனாட்சி தம்பியைப் பார்த்ததும் சிரித்தாள். ‘உள்ளே வா’ என்றாள். கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.”

முதல் தடவை எழுதும் மாணவரின் பதிவு பெரும்பாலும் இப்படி வரும்: “மீனாட்சி அன்பான அக்கா.” இதில் நடந்தது எதுவும் இல்லை, பண்புப் பெயர் மட்டும் இருக்கிறது. அதோடு மூன்றாவது வாக்கியம் கண்ணிலேயே படவில்லை. இன்னொரு மாணவர் எழுதுவார்: “தம்பி வீட்டுக்கு வந்தான். மீனாட்சி கதவைத் திறந்தாள்.” இது கதைச் சுருக்கம். இன்னும் ஒருவர் மூன்று வரிகளையும் அப்படியே நகல் எடுத்திருப்பார். எந்தச் சொல் தன்னை நிறுத்தியது என்று அவருக்கே தெரியாது.

நாம் எதிர்பார்ப்பது இது. இடப் பக்கம்: “அத். 5, ப. 41: ‘உள்ளே வா’ என்கிறாள், ஆனால் கதவை விடவில்லை.” வலப் பக்கம்: “வாய் ஒன்று சொல்கிறது, கை இன்னொன்று சொல்கிறது. அவன் உள்ளே வருவதில் அவளுக்கு இஷ்டமில்லையோ? உள்ளே ஏதோ இருக்கிறதா?”

88-ஆம் பக்கத்தில், தம்பி தேடிக்கொண்டிருந்த பத்திரம் அன்று அவள் வீட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது தெரியவருகிறது என்று வையுங்கள். இப்போது மாணவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய பதிவின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு “ப. 88 பார்” என்று எழுதுவது. குறிப்பேட்டில் இத்தகைய அம்புகள் எத்தனை விழுந்திருக்கின்றன என்று பார்த்தாலே அவர் எப்படிப் படிக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

எதைத்தான் கவனிக்கச் சொல்வது? “பாத்திரத்தைக் கவனி” என்றால் மாணவர்கள் விழிக்கிறார்கள்.

விழிக்கத்தான் செய்வார்கள். ஒரு பாத்திரத்தைப் பற்றி நாவல் ஐந்து வழிகளில் பேசுகிறது: அவர் செய்வது, அவர் பேசுவது, அவர் மனதுக்குள் நினைப்பது, மற்றவர்கள் அவர்முன் நடந்துகொள்ளும் விதம், அவர் தோற்றம். முதல் வாரம் செய்வதை மட்டும் கொடுங்கள். இரண்டாம் வாரம் பேச்சு. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்ற கேள்வி அப்போதே முளைத்துவிடும், அதைவிடப் பயனுள்ள கேள்வி இந்த வேலையில் வேறு இல்லை. தோற்றத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எளிதாக எழுதிவிடலாம் என்பதால் மாணவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

பதிவு எழுத உட்கார்ந்ததும் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: “இந்தப் பகுதியில் இவருக்கு என்ன வேண்டியிருந்தது, கிடைத்ததா?”

ஒரே ஆளுக்கு ஐந்து பெயர். மாணவர்கள் ஐந்து ஆட்கள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ் நாவல்களில் இது தினசரித் தொல்லை. ஒரே பெண்மணி ஒருத்திக்கு அம்மா, இன்னொருத்திக்குச் சித்தி, தெருவுக்கு டீச்சர், கணவனுக்கு “இங்க பாரு”. உறவுச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஆள் மாறிவிடுவார். அத்தியாயம் ஒருவரின் பார்வையிலிருந்து இன்னொருவர் பார்வைக்குத் தாவினால், “அத்தை” என்ற சொல்லுக்குரியவரும் மாறியிருக்கலாம். அதனால் பாத்திரப் பக்கத்தின் தலைப்பில் அழைக்கும் சொல்லை மட்டும் எழுதினால் போதாது, அழைப்பவர் பெயரும் வேண்டும்: “சித்தி (கமலா சொல்வது), டீச்சர் (தெருவார்)”.

மொழிபெயர்ப்பு ரஷ்ய நாவல்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஒருவருக்கு இயற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நான்கு உண்டு. இவானின் மகன் “இவானவிச்”, மகள் “இவானவ்னா”. இவான் என்பவரே வீட்டில் “வான்யா”. மரியா “மாஷா” ஆவாள். அலெக்சாந்தர் “சாஷா” ஆவான், அலெக்சாந்த்ராவும் “சாஷா”தான். இந்த விதியைப் பத்து நிமிடம் ஒதுக்கி முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால், 50-ஆம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைக்கும் மாணவர்களின் எண்ணிக்கை குறையும். யார் செல்லப் பெயரால் அழைக்கிறார், யார் தந்தைவழிப் பெயர் சேர்த்து மரியாதையாக அழைக்கிறார் என்பது நெருக்கத்தின் அளவைக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தமிழில் அந்த வேலையை வினைமுற்றே செய்துவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் “அவர் வந்தார்” என்று இருந்த மாமனார், பதினைந்தாம் அத்தியாயத்தில் மருமகளின் நினைவில் “வந்தான்” ஆகிவிட்டால், அது ஒரு முழுப் பதிவுக்குரிய செய்தி. “நீங்கள்” “நீ” ஆவதும் அப்படியே.

“அவன்” யார் என்றே தெரியாமல் பல பக்கங்கள் படித்துவிடுகிறார்கள்.

தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லாமலே காரியம் நடக்கும். இதைப் பாருங்கள்:

“முருகேசன் கணக்கு நோட்டை மூடினான். சந்திரன் இன்னும் வாசலிலேயே நின்றான். ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தான்.”

விளக்கை அணைத்தது யார்? கடைசியாக வந்த பெயர் சந்திரன் என்பதால் அவன்தான் என்று பல மாணவர்கள் சொல்வார்கள். விளக்கு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்குமா, வாசலில் இருக்குமா என்று யோசிப்பவர் முருகேசன் என்பார். இருவரும் ஆண் என்பதால் வினைமுற்று உதவாது. விடை அடுத்த வாக்கியத்தில் இருக்கக்கூடும்; சில நாவலாசிரியர்கள் வேண்டுமென்றே சொல்லாமலும் விடுவார்கள்.

பயிற்சி எளிது. வசனம் குறைவாக உள்ள ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொடுங்கள். எழுவாய் இல்லாத ஒவ்வொரு வினைமுற்றின் தலைமேலும் அதற்குரியவரின் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும், ஐந்து நிமிடத்தில் முடியும். இரண்டு மாணவர்கள் வேறு வேறு எழுத்துப் போட்ட இடங்களை மட்டும் வகுப்பில் பேசினால் போதும். நீண்ட வசனப் பகுதிகளில், “என்றான்” இல்லாத உரையாடல்களுக்கும் இதே முறைதான்.

படிக்கும்போதே எழுதுவதா, படித்த பிறகா?

படித்த பிறகு. பத்தி பத்தியாக நிறுத்தி எழுதினால் கதையின் ஓட்டம் செத்துவிடும், கொஞ்ச நாளில் நாவல் என்றாலே வெறுப்பு வந்துவிடும். படிக்கும்போது ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தால் போதும். அத்தியாயம் முடிந்ததும் புள்ளிகளைத் திரும்பிப் பார்த்து, அவற்றில் மூன்றை மட்டும் பதிவாக்க வேண்டும். நான்கு பாத்திரங்களுக்கும் சேர்த்தே மூன்று. 20 அத்தியாய நாவலுக்கு 60 பதிவுகள் சேரும். கட்டுரைக்கு ஐந்தாறுதான் தேவைப்படும்.

45 நிமிடப் பாடவேளை என்றால்: முந்தைய பதிவுகளைப் புரட்ட 5 நிமிடம், வாசிப்பு 25, எழுத 10, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட 5. முதல் ஐந்து நிமிடத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். பழைய பதிவைப் பார்க்காமல் தொடங்கினால் அம்புக்குறிகள் விழாது.

நூலகப் புத்தகத்தில் புள்ளி வைக்க முடியாதே?

ஒரு A4 தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்துப் பிறகு குறுக்கே ஒரு மடிப்பு மடித்தால் ஏறத்தாழ 7 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட பக்க அடையாளம் கிடைக்கும். அதில் பக்க எண்ணும் ஒரு சொல்லும் குறித்தால் போதும். அத்தியாயத்துக்கு ஒரு முகம் என்று விரித்து விரித்துப் பயன்படுத்தலாம். ஒட்டுச்சீட்டுகள் பார்க்க அழகு, ஆனால் பையில் உரசி உதிர்ந்துவிடும், எதை ஒட்டினோம் என்பதும் தெரியாமல் போகும்.

மின்நூலில் எழுத்தளவை மாற்றினால் திரையில் பக்கப் பிரிப்பும் மாறிவிடும். அதனால் அத்தியாய எண்ணையும் அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒலிப்புத்தகம் என்றால் நிமிடக் கணக்கு.

பாத்திரத்துக்கு ஒரு வண்ணம் என்று கோடிட்டால் என்ன?

செய்யலாம். நான்கு வண்ணங்களுக்கு மேல் போகக் கூடாது. பேனா கையில் இருக்கும்போது எல்லாமே முக்கியமாகத் தெரியும், பக்கம் முழுக்க வண்ணமாகிவிடும், ஆனால் ஏன் கோடிட்டோம் என்று எங்கும் இருக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு என்று வரம்பு வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

உறவு வரைபடம் எப்போது போடுவது?

இரண்டு முறை. மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும் ஒன்று, நாவலில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் புதுத் தாளில் இன்னொன்று. எட்டுப் பெயர்களுக்கு மேல் வேண்டாம். குடும்ப உறவுக்குச் சாதாரணக் கோடு. மற்றதற்கெல்லாம் அம்பு, அம்பின்மேல் ஒரு வினைச்சொல்: “பயப்படுகிறான்”, “கடன்பட்டிருக்கிறாள்”, “மறைக்கிறார்”. “நண்பர்கள்” என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். யார் யாருக்காக என்ன செய்தார் என்று கேட்டால் அம்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பாயும். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திசை மாறிய அம்புகளை வட்டமிடச் சொல்லுங்கள்.

ஆசிரியரே முழு வரைபடத்தைப் போட்டு முதல் நாளே சுவரில் மாட்டுவது பெரிய தவறு. யார் யாருக்குக் கல்யாணம் ஆகும் என்பதைச் சுவரே சொல்லிவிடும். தலைமுறை தலைமுறையாக நீளும் நாவலுக்கு மட்டும் வம்சாவளியை முன்கூட்டிக் கொடுக்கலாம், அதுவும் முதல் இரண்டு தலைமுறைக்கு.

எல்லாப் பாத்திரமும் மாறியே ஆக வேண்டுமா?

இல்லை. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் நாவல் கலை குறித்து நிகழ்த்திய உரைகளில் பாத்திரங்களைத் தட்டையானவர், முழுமையானவர் என்று இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடக்கூடியவர் தட்டையானவர். நம்மை நம்பும்படியாக வியக்கவைக்கக் கூடியவர் முழுமையானவர். வகுப்பில் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்கிறது: “உன் நான்கு பேரில் யாரை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறது?” ஆனால் தட்டை என்றால் மட்டம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எப்போது வந்தாலும் அதே புலம்பலோடு வரும் ஒரு தாத்தா இருந்தால்தான், அவரைச் சுற்றியுள்ளவர்கள் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று அளக்க முடியும்.

கதைசொல்லியை நம்ப முடியாத நாவல்களில்?

இடப் பக்கத்தில் இன்னொரு குறுகிய நெடுவரிசை சேருங்கள்: “யார் சொல்கிறார்?” ஒரு பாத்திரத்தைப் பற்றி இன்னொரு பாத்திரம் சொல்வது இரண்டு பக்கங்களில் பதிவாக வேண்டும். “சுந்தரம் ஒரு கஞ்சன்” என்று அவன் அண்ணன் சொன்னால், அது சுந்தரத்தைப் பற்றிய ஐயத்துக்குரிய தகவல். அண்ணனைப் பற்றிய உறுதியான தகவல். தன்மையில் எழுதப்பட்ட நாவல்களில் “நான்”-க்கும் ஒரு பக்கம் ஒதுக்க மறந்துவிடாதீர்கள். அனேகமாக எல்லா மாணவர்களும் மறப்பார்கள்.

மெதுவாகப் படிக்கும் மாணவர்களுக்கு?

பாத்திரத்தைக் குறையுங்கள், பக்கத்தைக் குறைக்காதீர்கள். ஒரே ஒருவரை மட்டும் கடைசிவரை பின்தொடரட்டும். அந்தப் பாத்திரம் வராத அத்தியாயத்தைக் காதால் கேட்டாலும் போதும். எழுத்து சிரமமென்றால் வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பக்கத்தை விரலால் காட்டுவது மட்டும் அவர் வேலை.

நான்கு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று பிரிக்கலாமா?

முதல் பாதி நாவலுக்கு வேண்டாம். பிரித்துவிட்டால் தன் பாத்திரம் இல்லாத பக்கங்களை மாணவர் மேய்ந்துவிட்டுப் போவார். இரண்டாம் பாதியில் பிரித்து, ஒரே காட்சியை நான்கு பாத்திரங்களின் கோணத்தில் சொல்லச் சொன்னால் நல்ல சண்டை நடக்கும். அந்தச் சண்டை தேவை.

இணையத்தில் சுருக்கம் படித்துவிட்டோ, செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டோ நிரப்பிவிடுகிறார்களே?

அடையாளங்கள் தெளிவாக இருக்கும். 20-ஆம் பக்கப் பதிவிலேயே முடிவு தெரிந்த குரல் கேட்கும். எல்லாம் பண்புப் பெயர்களாக இருக்கும்: “தியாகம்”, “போராட்டம்”, “மனிதநேயம்”. கதவுப் பிடி, விளக்கு போன்ற சில்லறைப் பொருள்கள் இருக்காது. அடித்துத் திருத்திய ஊகம் ஒன்றுகூட இருக்காது. மிரட்டுவதைவிட, பத்து நிமிடப் பதிவை வகுப்பிலேயே எழுதவைப்பது மேல்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

60 பதிவுகளையும் திருத்த வேண்டாம். ஏதாவது மூன்றைத் தேர்ந்தெடுத்துப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சொன்ன பக்கத்தில் அது இருக்கிறதா? ஊகம் அந்த நிகழ்விலிருந்து கிளம்புகிறதா? முழுக் குறிப்பேட்டில் இரண்டு அம்புக்குறிகளாவது உண்டா? இந்த மூன்றுக்கும் மதிப்பெண். ஊகம் தவறாகிப்போனதற்கு ஒருபோதும் குறைக்காதீர்கள். குறைத்தால் நாவலை முடித்துவிட்டுத் திரும்பிவந்து “சரியான” ஊகங்களை நிரப்புவார்கள். கையெழுத்துக்கும் அலங்காரத்துக்கும் மதிப்பெண் வேண்டாம்.

இந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரைக்கு எப்படிப் போவது?

ஒரு பாத்திரத்தை எடுத்து, அடித்துத் திருத்திய ஊகங்களை மட்டும் தனித் தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மீனாட்சிக்கு இப்படி வரலாம்: “அன்பானவள் என்று நினைத்தேன் (ப. 12), எதையோ மறைக்கிறாள் (ப. 41), தம்பிக்காகவே மறைத்தாள் (ப. 130).” கட்டுரையின் மையக் கருத்து அந்த மூன்றாவது ஊகத்தில் இருக்கிறது, முதல் இரண்டும் அதற்கு எதிர்த்தரப்பு வாதங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பதிவும் அதன் பக்க எண்ணும் போதும். பதிவே இல்லாத கருத்தை எழுத மாணவர் ஆசைப்பட்டால், புத்தகத்துக்குத் திரும்பிப் போய் ஒரு பதிவு தேடிக்கொண்டு வரட்டும்.

அடுத்த நாவலுக்கும் இதே குறிப்பேடா?

பாதியாகக் குறையுங்கள். இரண்டாம் நாவலுக்கு அத்தியாயத்துக்கு ஒரு பதிவு, ஒரே ஒரு உறவு வரைபடம். மூன்றாம் நாவலுக்கு மடித்த தாள் மட்டும். பெயர்க் குழப்பம் உள்ளவருக்கு அழைப்புப் பெயர்ப் பட்டியலை மட்டும் விட்டுவையுங்கள். சிலர் தாங்களாகவே முழுக் குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போவார்கள், குறிப்பாகப் பெரிய மொழிபெயர்ப்பு நாவல் கையில் வரும்போது. அதைத் தடுக்க வேண்டியதில்லை.